எட்டு வந்தால் அமைதியா? நாங்கள் படிப்பித்ததை நாங்களே திருத்த வேண்டும்



அன்பின் பெற்றோரே, பழைய மாணவர்களே, சக ஆசிரியர்களே,

இது கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகக் கடைசி வரை வாசியுங்கள். வாசித்த பிறகு திட்டுவதென்றாலும் திட்டுங்கள்.

கடந்த வாரம் எமது ஊர் வட்ஸ்அப் குழுக்களில் ஒரு பக்கக் குறிப்பொன்று சுற்றியது. "இரசாயனப் பிணைப்பு ஐந்தே நிமிடத்தில்" என்று தலைப்பு. அதில் சிவப்புப் பெட்டி போட்டு இப்படி எழுதியிருந்தது: "கடைசி ஓட்டில் எட்டு இலத்திரன் இருந்தால் உறுதி. எட்டு இல்லாவிட்டால் உறுதி இல்லை. எல்லா அணுக்களும் எட்டையே விரும்பும். விதிவிலக்கு ஐதரசனும் ஈலியமும் மட்டும். பாடமாக்கினால் மார்க்ஸ் நிச்சயம்." கீழே பெற்றோரின் நன்றிகள் வரிசையாக வந்து கொண்டிருந்தன.

அதைத் தயாரித்தவரைக் குறை சொல்ல நாங்கள் வரவில்லை. உண்மையைச் சொன்னால் அந்தப் பக்கம் எங்கள் வகுப்பறைகளில்தான் பிறந்தது. வருடக்கணக்கில் நாங்கள் கரும்பலகையில் எழுதியதை அவர் கணினியில் அழகாக அடித்திருக்கிறார், அவ்வளவுதான். ஆகவே இந்தப் பதிவு முதலில் விஞ்ஞானம் படிப்பிக்கும் எங்களுக்கு எதிரானது. அதற்குப் பிறகுதான் டியூட் அடிப்பவர்களுக்கும், அதை ஃபோர்வேர்ட் பண்ணுபவர்களுக்கும்.

ஒரு சம்பவத்தைச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறோம்.

சில வருடங்களுக்கு முன் தரம் 10 வகுப்பொன்றில் இலத்திரன் நிலையமைப்பு நடந்து கொண்டிருந்தது. முதலாம் ஓட்டில் 2, இரண்டாம் ஓட்டில் 8, மூன்றாம் ஓட்டில் 18, நாலாம் ஓட்டில் 32 வரை இருக்கலாம் என்று எழுதிப் போட்டோம். அடுத்த பாடவேளையில் ஆகன் 2, 8, 8. "கடைசி ஓடு நிரம்பிவிட்டது, அதனால் உறுதி" என்றோம். பின் வாங்கில் இருந்த ஒரு பிள்ளை கையை உயர்த்தினாள். "ஸேர், மூன்றாம் ஓட்டில் 18 பிடிக்கும் என்றுதானே நேற்றுச் சொன்னீங்க? எட்டோடு எப்படி நிரம்பும்? இன்னும் பத்துக்கு இடம் இருக்கே?"

எவ்வளவு அருமையான கேள்வி! நாங்கள் என்ன சொன்னோம் தெரியுமா? "அதெல்லாம் ஏ.எல்.இல் வரும். இப்ப இதை எழுது." வகுப்பு சிரித்தது. அந்தப் பிள்ளை உட்கார்ந்தாள். அந்த வருடம் முழுக்க எங்கள் பாடத்தில் அவள் மறுபடி கை உயர்த்தவில்லை. ஏ.எல்.இற்குக் கலைப்பிரிவு எடுத்தாள். கலைப்பிரிவு குறைந்தது என்று நாங்கள் சொல்லவில்லை. எங்களால்தான் அவள் விஞ்ஞானத்தை விட்டாள் என்று சொல்வதற்கும் எங்களிடம் ஆதாரம் இல்லை. ஆனால் அவள் கேட்டது சரி, நாங்கள் சொன்னது பிழை. அதற்கு ஆதாரம் இருக்கிறது. அதைத்தான் இங்கே எழுதுகிறோம்.

முதலில் நியாயமாக நடப்போம். எட்டு விதி வெறும் குப்பை அல்ல. காபன், நைதரசன், ஒட்சிசன், புளோரீன் ஆகிய நாலுக்கும் அது மிக நன்றாகப் பொருந்தும். நீர், அமோனியா, மெதேன், காபனீரொட்சைட்டு எல்லாவற்றையும் அதை வைத்து வரையலாம். எமது உடம்பிலும் உணவிலும் உள்ள பெரும்பாலான மூலக்கூறுகள் இந்த மூலகங்களும் ஐதரசனும் சேர்ந்தவைதான். அதனால்தான் இந்த விதி நூறு வருடத்துக்கும் மேலாகப் பாடப்புத்தகங்களில் இருக்கிறது. ஒரு கைக்கணக்காக அது நல்லது. ஆனால் அந்தச் சிவப்புப் பெட்டி அதைக் கைக்கணக்காகச் சொல்லவில்லை. "எட்டு என்றால் உறுதி, எட்டு இல்லையென்றால் உறுதி இல்லை" என்று இரண்டு பக்கமும் பூட்டிவிட்டது. இரண்டு பக்கமும் பிழை.

எட்டு இருந்தும் உறுதி இல்லாதவற்றை முதலில் பார்ப்போம்.

புளோரீன் மூலக்கூறில் இரண்டு அணுவுக்கும் எட்டு எட்டு. நைதரசன் மூலக்கூறிலும் இரண்டு அணுவுக்கும் எட்டு எட்டு. விதியின்படி இரண்டும் ஒரே அளவு நிம்மதியாக இருக்க வேண்டும். ஆனால் நைதரசன் நாம் சுவாசிக்கும் காற்றில் 78 வீதம். பிள்ளைகள் வாங்கும் சிப்ஸ் பைக்கெட்டுக்குள் கெட்டுப் போகாமல் இருக்க அடைப்பதும் அதைத்தான். புளோரீன் மூலகங்களிலேயே மிகக் கூடிய தாக்குதிறன் உள்ளது, கிட்டத்தட்ட எதையும் விட்டுவைக்காது. காரணம் எண்ணிக்கையில் இல்லை, பிணைப்பில் இருக்கிறது. நைதரசனின் மும்மைப் பிணைப்பை உடைக்க மூலுக்கு ஏறத்தாழ 945 கிலோயூல் வேண்டும். புளோரீனின் ஒற்றைப் பிணைப்பை உடைக்க ஏறத்தாழ 158 போதும்.

வெண்பொசுபரசில் ஒவ்வோர் அணுவுக்கும் எட்டு. அதைத் தண்ணீருக்குள் போட்டு வைக்கிறோம், ஏனென்றால் காற்றுப் பட்டால் தீப்பிடிக்கும்.

நைதரசன் முக்குளோரைட்டை எடுங்கள். நைதரசனுக்கு எட்டு, மூன்று குளோரீனுக்கும் எட்டு. கடதாசியில் வரைந்தால் அமோனியாவைப் போலவே ஒழுங்கான படம், முழுப் புள்ளி கொடுக்கலாம். 1811 இல் இதைக் கண்டுபிடித்த பிரெஞ்சு விஞ்ஞானி டூலோங், அது வெடித்து ஒரு கண்ணையும் விரல்களையும் இழந்தார். அடுத்த வருடம் இங்கிலாந்தில் ஹம்ப்ரி டேவி அதைச் செய்து பார்த்துக் கண்ணில் காயப்பட்டார். அவருக்குக் குறிப்பெழுத ஓர் இளைஞன் தேவைப்பட்டபோது வந்தவர்தான் மைக்கேல் பரடே. "எட்டு வந்தால் அமைதி" என்று அந்த இருவரிடமும் போய்ச் சொல்ல முடியுமா?

இனி மற்றப் பக்கம். எட்டு இல்லாமலே இருப்பவை.

சல்பர் ஹெக்சாபுளோரைட்டில் கந்தகத்தைச் சுற்றி ஆறு பிணைப்பு. எண்ணிப் பார்த்தால் 12 இலத்திரன். விதியின்படி இது இருக்கவே கூடாது. ஆனால் இது மிகவும் அசையாத வாயுக்களில் ஒன்று. உயர் அழுத்த மின் ஆளிகளுக்குள் தீப்பொறியை அடக்குவதற்கு அடைத்து வைக்கிறார்கள். அது சுலபத்தில் சிதையாது என்பதே இன்று உலகத்துக்குத் தலைவலி. வளிமண்டலத்தில் விட்டால் மிக நீண்ட காலம் தங்கும். 100 வருடக் கணக்கில் காபனீரொட்சைட்டை விட 20,000 மடங்குக்கும் மேல் பூமியைச் சூடாக்கும்.

போரன் முப்புளோரைட்டில் போரனுக்கு ஆறுதான். சிலிண்டரில் அடைத்து விற்கிறார்கள். பொசுபரசு ஐங்குளோரைட்டில் பொசுபரசுக்குப் பத்து. குடிநீரைத் தொற்றுநீக்கப் பயன்படும் குளோரீன் ஈரொட்சைட்டில் மொத்த வலுவளவு இலத்திரன்கள் 19. ஒற்றை எண். ஒற்றை எண்ணை எப்படிப் பிரித்தாலும் எல்லாருக்கும் எட்டு வராது.

நைத்திரிக் ஒட்சைட்டும் அப்படித்தான். நைதரசனின் 5, ஒட்சிசனின் 6, மொத்தம் 11. ஒரு இலத்திரன் தனியாக நிற்கும். சிவப்புப் பெட்டியின்படி இதற்கு உலகத்தில் வேலை இல்லை. ஆனால் இந்த எழுத்தை வாசிக்கும்போதே உங்கள் இரத்தக் குழாய்களின் உட்சுவர் அதைச் செய்து கொண்டிருக்கிறது. குழாயைத் தளர்த்தி இரத்தம் போக வழிவிடுவது அதன் வேலை. நெஞ்சுவலி வரும்போது வீட்டில் பெரியவர்கள் நாக்குக்குக் கீழே வைக்கும் சின்னக் குளிசை இருக்கிறதே, அது உடம்புக்குள் போய் இந்த வாயுவைத்தான் வெளிவிடுகிறது. இதன் வேலையைக் கண்டறிந்ததற்காக ஃபர்ச்கொட், இக்னாரோ, முராட் மூவருக்கும் 1998 இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது. எட்டு இல்லாத ஒரு மூலக்கூறு எத்தனை வாப்பாமாரின் உயிரைப் பிடித்து வைத்திருக்கிறது!

அதே இரத்தத்தில் இன்னொன்று. ஹீமோகுளோபினில் உள்ள இரும்பு அயனின் நிலையமைப்பு 2, 8, 14. கடைசி ஓட்டில் 14. செப்பு, நாகம், மங்கனீசு என்று தாண்டல் மூலகங்கள் பெரும்பாலும் எட்டைத் திரும்பியும் பார்ப்பதில்லை. நாக அயனில் 2, 8, 18. வளர்ந்த ஒருவரின் உடம்பில் 3 முதல் 4 கிராம் இரும்பு இருக்கிறது. "விதிவிலக்கு ஐதரசனும் ஈலியமும் மட்டும்" என்று எழுதியவரின் உடம்புக்குள்ளும் அது இருக்கிறது.

"சரி ஸேர், விதிவிலக்குப் பட்டியலைக் கொஞ்சம் நீட்டினால் போச்சு. பெரிலியம், போரன், பொசுபரசு, கந்தகம் என்று இன்னும் நாலைச் சேர்த்துப் பாடமாக்குகிறோம்" என்பீர்கள். இங்கேதான் உண்மையான வருத்தம் தொடங்குகிறது. பட்டியல் குட்டையாக இருப்பதல்ல பிரச்சினை. அணு எட்டை "விரும்புகிறது" என்ற அந்த ஒரு சொல்தான் பிரச்சினை.

சோடியம் ஓர் இலத்திரனைக் கொடுக்க விரும்புகிறது, குளோரீன் ஓர் இலத்திரனை வாங்க விரும்புகிறது, இருவரும் கைகொடுத்து உப்பானார்கள். இந்தக் கதையை நாங்கள் எத்தனை வகுப்பில் சொல்லியிருப்போம்! கணக்கைப் பாருங்கள். தனியாக நிற்கும் சோடியம் அணுவிலிருந்து ஓர் இலத்திரனைப் பிடுங்க மூலுக்கு 496 கிலோயூல் செலவு. சோடியம் எதையும் "கொடுக்கவில்லை", பிடுங்கித்தான் எடுக்க வேண்டும். குளோரீன் அணு அதை வாங்கும்போது திரும்பக் கிடைப்பது 349. அதாவது இருவருக்கும் எட்டு வந்த பிறகும் 147 கிலோயூல் நட்டம். எட்டு மட்டும்தான் காரணம் என்றால் உப்பு உருவாகவே கூடாது.

அப்படியென்றால் உப்பு எப்படி வந்தது? நட்டத்தைக் கட்டியது சாலகம். நேர் அயன்களும் மறை அயன்களும் நெருங்கி அடுக்காக உட்காரும்போது 787 கிலோயூல் வெளிவருகிறது. சோடியத்தை ஆவியாக்கும் 107, குளோரீன் பிணைப்பை உடைக்கும் 122 எல்லாவற்றையும் கழித்த பிறகும் 411 மிச்சம். அடுப்படியில் இருக்கும் உப்பு உறுதியாக இருப்பது அந்த 411 ஆல்.

இன்னும் கடுமையான சாட்சி வேண்டுமா? ஒட்சைட்டு அயன். ஒட்சிசன் இரண்டு இலத்திரனை வாங்கி எட்டாகி "உறுதி" பெறுகிறது என்று படிப்பிக்கிறோம். முதல் இலத்திரனை வாங்கும்போது 141 கிலோயூல் வெளிவருவது உண்மை. இரண்டாவதை உள்ளே தள்ள 700 இற்கும் மேல் செலவழிக்க வேண்டும், ஏனென்றால் ஏற்கெனவே மறை ஏற்றம் உள்ள அயன் இன்னொரு இலத்திரனைத் தள்ளிவிடும். தனியாக விட்டால் எட்டு உள்ள ஒட்சைட்டு அயன் ஓர் இலத்திரனைத் துப்பிவிட்டு ஏழோடு நிற்கும். மகனீசியம் ஒட்சைட்டுக்குள் அது இருக்கிறதென்றால், சுற்றியுள்ள மகனீசிய அயன்கள் பிடித்து வைத்திருப்பதால்.

ஆக, உறுதி என்பது அணுவுக்குள் ஒட்டிய ஒரு எண் அல்ல. அது ஒரு ஒப்பீடு. "இது உறுதியானது" என்று ஒருவர் சொன்னால் நாம் நாலு கேள்வி கேட்க வேண்டும்.

ஒன்று, எதோடு ஒப்பிட்டு? உப்பு, சோடிய உலோகத்தையும் குளோரீன் வாயுவையும் விட உறுதி.

இரண்டு, பக்கத்தில் யார்? போரன் முப்புளோரைட்டு சிலிண்டருக்குள் பேசாமல் இருக்கும். அமோனியாவைக் கண்டவுடன் அதன் இலத்திரன் சோடியை ஏற்றுப் பிணைந்துவிடும்.

மூன்று, எந்த வெப்பநிலையில்? நைதரசனீரொட்சைட்டிலும் ஓர் இலத்திரன் தனியாக நிற்கிறது, மொத்தம் 17. குளிரில் இரண்டு மூலக்கூறுகள் சோடியாகி நிறமற்றதாகிவிடும். சூடாக்கினால் பிரிந்து கபில நிறம் திரும்பி வரும். அதே வாயு, அதே குழாய். குளிரில் ஒரு பதில், சூட்டில் இன்னொரு பதில்.

நாலு, மாறுவதற்கு வழி இருக்கிறதா? சல்பர் ஹெக்சாபுளோரைட்டு நீரோடு தாக்கமடைந்தால் சக்திக் கணக்கில் இலாபம்தான். ஆனால் ஆறு புளோரீனும் கந்தகத்தைச் சுற்றி நெருக்கமாக நிற்பதால் நீருக்கு உள்ளே நுழைய வழி இல்லை. அதன் "உறுதி"யில் பெரிய பங்கு வாசல் பூட்டியிருப்பதுதான்.

இந்த நாலு கேள்வியையும் தரம் 10 பிள்ளையால் விளங்கிக் கொள்ள முடியாதா? சந்தையில் விலை கேட்கத் தெரிந்த எந்தப் பிள்ளைக்கும் விளங்கும்.

இனி அந்தப் பிள்ளையின் கேள்விக்கு வருவோம். இவ்வளவு வருடம் கழித்துப் பதில் சொல்கிறோம்.

ஓர் ஓடு என்பது ஒரே மண்டபம் அல்ல, அறைகள் உள்ள வீடு. ஓர் அறையில் இரண்டு இலத்திரன் மட்டும் இருக்கலாம். இரண்டாம் ஓட்டில் எஸ் என்ற அறை ஒன்று, பீ என்ற அறைகள் மூன்று. மொத்தம் நாலு, ஆகவே எட்டு. மூன்றாம் ஓட்டில் அதே நாலு அறையோடு டீ என்ற அறைகள் ஐந்து கூடுதலாக உண்டு. மொத்தம் ஒன்பது அறை, ஆகவே 18. ஆகனில் அந்த முதல் நாலு அறையும் நிரம்பிவிட்டன, ஐந்து டீ அறைகளும் வெறுமை. ஆகவே மகளே, நீ சொன்னதுதான் சரி. ஆகனில் மூன்றாம் ஓடு நிரம்பவில்லை.

ஆனால் அந்த ஐந்து அறைகளும் சக்தியில் உயரத்தில் இருக்கின்றன. அடுத்து வரும் பொற்றாசியத்தின் 19 ஆவது இலத்திரன் அங்கே போகாமல் நாலாம் ஓட்டின் எஸ் அறைக்குப் போகிறது, அங்கே சக்தி குறைவு என்பதால். கல்சியமும் அப்படியே. பிறகு 21 ஆவது மூலகம் ஸ்கன்டியத்திலிருந்து 30 ஆவது நாகம் வரை இலத்திரன்கள் திரும்பி வந்து அந்த ஐந்து அறையையும் நிரப்புகின்றன. நீ கேட்ட அந்தப் பத்து இடமும் அதுதான். பத்து இடத்துக்குப் பத்து மூலகம். ஆவர்த்தன அட்டவணையின் நடுவில் உள்ள அந்த முழு வரிசையும் உன் கேள்விக்கான பதில்!

இதைச் சொல்ல எங்களுக்கு ஐந்து நிமிடம் போதும். நாங்கள் சொல்லவில்லை.

எட்டில் ஏதோ தனி வலிமை இருக்கிறது என்று இன்னும் நினைப்பவர்களுக்கு, சடத்துவ வாயுக்களையே பாருங்கள். முதல் இலத்திரனைப் பிடுங்கத் தேவையான சக்தி: நேயனுக்கு 2081 கிலோயூல், ஆகனுக்கு 1521, கிரிப்டனுக்கு 1351, செனனுக்கு 1170. நாலுக்கும் கடைசி ஓட்டில் அதே எட்டு. ஆனால் கீழே போகப் போகப் பிடி தளர்கிறது. எட்டு இலத்திரனும் கருவிலிருந்து தூரமாகப் போவதுதான் காரணம்.

இதைப் புரிந்து கொண்ட ஒருவர் ஒரு பெரிய விடயத்தைச் செய்தார். கனடாவின் வன்கூவரில் 1962 இல் நீல் பார்ட்லெட், பிளாற்றினம் ஹெக்சாபுளோரைட்டு என்ற வாயு ஒட்சிசன் மூலக்கூறிலிருந்தே இலத்திரனைப் பிடுங்குவதைக் கண்டார். ஒட்சிசன் மூலக்கூறிலிருந்து பிடுங்கத் தேவை ஏறத்தாழ 1175. செனனுக்கு 1170. "அப்படியென்றால் செனனிலிருந்தும் பிடுங்கலாமே!" என்று யோசித்தார். இரண்டு வாயுவையும் கலந்தார். உடனே மஞ்சள் செம்மஞ்சள் நிறத் திண்மம் படிந்தது. "ஒருபோதும் தாக்கமடையாது" என்று எல்லாப் புத்தகத்திலும் இருந்த மூலகத்தின் முதல் சேர்வை. அந்த வருடமே செனனின் புளோரைட்டுகளும் தயாரிக்கப்பட்டன.

இதில் எங்களைச் சுடும் பகுதி ஒன்று இருக்கிறது. செனன் புளோரீனோடு சேரும் என்று லைனஸ் போலிங் 1933 இலேயே எதிர்வுகூறியிருந்தார். அந்த வருடம் அமெரிக்காவில் யோஸ்ட், கே இருவரும் செய்து பார்த்தார்கள், சரிவரவில்லை. அதோடு கிட்டத்தட்ட 30 வருடம் அந்தக் கதவை யாரும் பெரிதாகத் தட்டவில்லை. எட்டு இருக்கிறது, நிரம்பிவிட்டது, இனி என்ன? பிற்காலத்தில் பார்த்தால், உலர்ந்த செனனையும் புளோரீனையும் கண்ணாடிக் குடுவையில் அடைத்து வெயிலில் வைத்தாலே சேர்வை உருவாகிறது. வெயிலில் வைத்தால் போதும்! கெட்டிக்காரர்களின் உலகத்தையே ஒரு "நிச்சயம்" இத்தனை வருடம் தடுத்து வைத்ததென்றால், எமது ஊர்ப் பிள்ளைகளை அந்தச் சிவப்புப் பெட்டி எவ்வளவு தடுக்கும்?

எட்டு விதியைத் தந்தவர்களே இப்படி நம்பவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். இலத்திரன் சோடியைப் பங்கிடுவதால் பிணைப்பு உருவாகிறது என்று கில்பர்ட் லூயிஸ் எழுதியது 1916 இல். "ஒக்டெட்" என்ற பெயரைப் பரப்பியவர் 1919 இல் இர்விங் லங்மூர். எட்டு பொருந்தாத சேர்வைகள் இருப்பது லூயிஸுக்கு நன்றாகத் தெரியும். 1923 இல் வெளியிட்ட நூலில், எட்டு என்ற விதியை விட இரண்டு என்ற விதி, அதாவது இலத்திரன்கள் சோடியாவது, அதிகம் அடிப்படையானது என்று அவரே எழுதினார். தந்தவர் தளர்த்திப் பிடித்ததை நாங்கள் இறுக்கிக் கட்டிவிட்டோம்.

அவருடைய "இரண்டு"க்கும் எல்லை உண்டு. திரவ ஒட்சிசனை வலுவான காந்தத்தின் இரு முனைவுக்கு நடுவில் ஊற்றினால் அது அங்கேயே ஒட்டி நிற்கும். சோடி சேராத இலத்திரன்கள் இரண்டு அதில் இருப்பதால். நாங்கள் வரையும் அழகான இரட்டைப் பிணைப்புப் படத்தில் எல்லாம் சோடியாக, எல்லாருக்கும் எட்டாக இருக்கும். காந்தம் அந்தப் படத்தை ஏற்றுக் கொள்வதில்லை.

இனி, எங்களுக்கு வரும் எதிர்ப்புகள்.

"பிள்ளைகளைக் குழப்பாதீங்க ஸேர். ஓ.எல்.இற்கு இவ்வளவும் தேவையில்லை." இவ்வளவையும் ஓ.எல்.இல் படிப்பிக்கச் சொல்லவில்லை. பொய்யாகப் பூட்டாதீர்கள் என்கிறோம். "இது ஒரு கைக்கணக்கு. காபன், நைதரசன், ஒட்சிசன், புளோரீனுக்கு நன்றாகப் பொருந்தும். மற்றவற்றில் பல இடங்களில் பொருந்தாது. ஏன் என்பது பின்னால் வரும்." சொல்ல அரை நிமிடம். இதில் குழப்பம் எங்கே? தரம் 10 இல் "எட்டு இல்லாமல் உறுதி இல்லை" என்று சத்தியம் செய்துவிட்டு, தரம் 12 இல் அதே பிள்ளையிடம் பத்தும் பன்னிரண்டும் உள்ள மூலக்கூறுகளை வரையச் சொல்கிறோமே, அதுதான் குழப்பம். ஏ.எல். முதல் தவணையிலேயே "கெமிஸ்ட்ரி எனக்குச் சரிவராது" என்று வீட்டில் வந்து அழும் பிள்ளைகளை உங்களுக்கும் தெரியும். அவர்களில் பலருக்குச் சரிவராதது கெமிஸ்ட்ரி அல்ல. நாங்கள் சொன்ன இரண்டு கதைகளும் ஒன்றோடொன்று சரிவரவில்லை.

"மார்க்கிங் ஸ்கீமில் எட்டு என்றுதான் இருக்கும்." இருக்கட்டும். பரீட்சையில் கேட்டதற்குக் கேட்டபடி பதில் எழுதப் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுப்போம். விதியின் எல்லையைத் தெரிந்த பிள்ளை விதியையும் தவறாமல் எழுதும். எல்லை தெரியாத பிள்ளைதான் கேள்வியைச் சற்று மாற்றிக் கேட்டவுடன் தடுமாறும்.

"அப்படியென்றால் ஏ.எல். பிள்ளைகளுக்கு 'எட்டு விரிவடைகிறது, டீ அறைகள் திறக்கின்றன' என்று சொன்னால் முடிந்ததுதானே?" அதையும் பெட்டி போட்டுப் பூட்டாதீர்கள். சல்பர் ஹெக்சாபுளோரைட்டில் கந்தகத்தின் டீ அறைகளின் பங்கு மிகச் சிறியது என்று பிற்காலக் கணிப்புகள் காட்டுகின்றன. இலத்திரன்கள் பெரும்பாலும் புளோரீன் பக்கமே சாய்ந்திருக்கின்றன. 12 என்பது நாம் கோடு எண்ணுவதால் வரும் கணக்கு. பழைய பூட்டைக் கழற்றிப் புதுப் பூட்டு மாட்டுவதற்கா இவ்வளவும் எழுதினோம்?

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. "அந்த ஸேர் டியூட்டை விட்டு வேறெதையோ கதைக்கிறார், சிலபஸ் முடிக்கமாட்டார்" என்று அதிபருக்கு அழைப்பெடுக்கிறீர்கள். அந்த அழைப்புக்குப் பயந்துதான் எங்களில் பலர் "அதெல்லாம் ஏ.எல்.இல் வரும்" என்று வாயை மூடுகிறோம். பிழை எங்களுடையது, மறுக்கவில்லை. ஆனால் ஒரு பிள்ளையின் நல்ல கேள்விக்காக ஐந்து நிமிடம் போனால் அது வீணான நேரம் இல்லை என்று நீங்களும் ஒருமுறை சொல்லுங்கள். எங்களுக்குத் தெம்பு வரும்.

சக ஆசிரியர்களிடம் மூன்று வேண்டுகோள்.

ஒன்று: "அணு விரும்புகிறது" என்று சொல்வதை நிறுத்துவோம். "இப்படிச் சேர்ந்தால் மொத்தச் சக்தி குறைகிறது" என்போம்.

இரண்டு: எட்டு விதியைச் சொல்லும் அதே பாடவேளையில், அது பொருந்தாத ஒன்றையாவது கரும்பலகையில் எழுதுவோம். நைத்திரிக் ஒட்சைட்டை எழுதுங்கள், நெஞ்சுவலிக் குளிசையைச் சொல்லுங்கள். பிள்ளைகள் மறக்கமாட்டார்கள்.

மூன்று: பதில் தெரியாத கேள்வி வந்தால், "நல்ல கேள்வி, எனக்கு இப்போது தெரியாது, நாளைக்குப் பார்த்து வந்து சொல்கிறேன்" என்போம். அடுத்த நாள் கட்டாயம் சொல்வோம். அப்படிச் சொன்னதற்காக எந்தப் பிள்ளையும் ஆசிரியரை மதிக்காமல் விட்டதில்லை.

கடைசியாக, அன்று பின் வாங்கில் இருந்த பிள்ளைக்கு. இந்தப் பதிவு உன் கண்ணில் படுமோ தெரியாது. யாராவது பகிர்ந்தால் படலாம். நீ கேட்டது சரி. பத்து இடம் இருந்தது. எங்களை மன்னித்துக் கொள். உன் பிள்ளை என்றாவது ஒரு நாள் எங்கள் வகுப்பில் கை உயர்த்தினால், இன்ஷா அல்லாஹ், இந்த முறை பதில் கிடைக்கும்.

பிழை இருந்தால் ஆதாரத்தோடு கீழே எழுதுங்கள், திருத்துகிறோம். அந்த ஒரு பக்கக் குறிப்பை ஃபோர்வேர்ட் பண்ணியவர்கள், இதையும் அதே குழுவில் போட்டுவிடுங்கள்.